குறியெதிர்ப்பையும் பிறந்தநாள் பையும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில் நம் பங்கைச் சேர்ந்த தம்பதியர் இருவர் நம்மைக் காண வந்தனர். கடம்பூரை அடுத்த கரிசல் ஊர் அவர்களுடையது. கணவர் சிறியதொரு கடை வைத்திருக்கிறார். மனைவி ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் ஆசிரியை. மகளுக்கு எட்டு வயது நிறைவடைகிறது. வீட்டில் விழா வைத்திருக்கிறார்கள். நாம் வந்து செபித்துக் குழந்தையை ஆசீர்வதிக்க வேண்டும். எல்லாம் பேசி முடித்து எழுந்தவர்கள் வாசற்படியில் நின்று, சற்றே தயங்கி, ஒரு கேள்வி கேட்டார்கள்: "சாமி, விழா முடிந்து போகிற பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பை கொடுக்கவேண்டும். அதில் என்ன வைக்கலாம்?"

நாம் சிரித்துவிட்டோம். குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியல் நூல்களில் களவு உண்டு, வட்டி உண்டு, நியாயமான கூலி உண்டு; பிறந்தநாள் பை இல்லை. ஆயினும் அந்த அம்மா தொடர்ந்து சொன்னதில்தான் உண்மையான கேள்வி இருந்தது. வரப்போகிறவர்கள் நாற்பது பிள்ளைகள். இருபத்தைந்து பேர் பள்ளித் தோழர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள், பரிசோடு வருவார்கள். மீதிப் பதினைந்து பேர் அதே தெருவினர், பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாய்மாரின் மக்கள், வெறுங்கையோடு வருவார்கள். "பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பாட்டிலும் வண்ணப் பெட்டியும் வைக்கிறோம். தெருப் பிள்ளைகளுக்கு ஒரு பேனாவும் மிட்டாயும் போதும் அல்லவா, சாமி?"

நமக்கு மாலைத் திருப்பலிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "உங்கள் வசதிபோல் செய்யுங்கள், அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த ஒரு வரி விடைக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

விழாவன்று வாசலில் இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்றில் நீல நிறப் பைகள். மற்றதில் சிறிய வெள்ளைப் பைகள். கொடுத்தவர்கள் முகம் சுளிக்கவில்லை, எவரையும் கடிந்து பேசவில்லை, அன்போடுதான் கொடுத்தார்கள். ஆனால் பை கையில் கிடைத்ததும் பிரித்துப் பார்ப்பது குழந்தையின் இயல்பு. பார்த்தார்கள்; பக்கத்துப் பிள்ளையின் பையையும் பார்த்தார்கள். மறுநாள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுமி அந்த வெள்ளைப் பையை நம் மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். பேனாவும் மிட்டாயும் அப்படியே இருந்தன. "சாமி, நான் பரிசு கொண்டுபோகலைனுதானே இந்தப் பை?" என்று கேட்டாள். அழவில்லை, குறை சொல்லவுமில்லை. கணக்குப் பாடத்தில் விடை சரிதானா என்று கேட்பதுபோல் கேட்டாள். விடை சரியாகத்தான் இருந்தது. "இல்லை" என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

பிறந்தநாள் என்பதே நம் கரிசல் மக்களுக்குப் பழைய வழக்கமன்று. நம் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் தலையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்வார்; தொட்டுவிட்டால் சூன் மாதத்துத் தேதி ஒன்றை எழுதிக்கொள்வார். கத்தோலிக்கக் குடும்பங்களில் திருமுழுக்குப் பதிவேடு இருந்ததால் தேதி தப்பியது. ஆனாலும் கொண்டாடப்பட்டது, பெயர்கொண்ட புனிதரின் திருநாளே. அந்தோணி என்றால் சூன் 13. சவேரியார் என்றால் டிசம்பர் 3.

திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளிலும் பிறந்தநாள் விழாவுக்கு வரவேற்பு இருந்ததில்லை. மூன்றாம் நூற்றாண்டின் விவிலிய அறிஞர் ஒரிஜன், லேவியர் நூல் பற்றிய மறையுரையொன்றில், திருநூலில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் பார்வோனும் ஏரோதும்தாம் என்று சுட்டிக்காட்டுகிறார். பார்வோனின் விருந்தில் அப்பம் சுடுவோர் தலைவன் தூக்கிலிடப்பட்டான். ஏரோதின் விருந்தில் திருமுழுக்கு யோவானின் தலை தட்டில் வந்தது. மறைச்சாட்சியர் இறந்த நாளையே திருச்சபை அவர்களது பிறந்தநாள் என்று அழைத்தது. இன்றும் வழிபாட்டு நாள்காட்டியில் மண்ணகப் பிறப்பு மூவருக்கே கொண்டாடப்படுகிறது: டிசம்பர் 25இல் ஆண்டவர், செப்டம்பர் 8இல் அன்னை மரியா, சூன் 24இல் திருமுழுக்கு யோவான். ஒரிஜனின் கண்டிப்பை நாம் இன்று வலியுறுத்தவில்லை. ஒரு குழந்தை பிறந்ததற்காக இறைவனுக்கு நன்றி சொல்வது நல்லதே. ஆனால் அவர் கண்ட ஆபத்து மெய்யானது: பிறந்தநாள் விருந்து எளிதில் விருந்து வைப்பவரின் பெருமைக்கு மேடையாகிவிடுகிறது, மேடை போட்டால் அதன்கீழே யாரோ ஒருவர் நசுங்குகிறார்.

அந்தப் பையின் குலமும் ஆராயத்தக்கதே. விருந்துக்கு வந்தவர் கையில் ஏதேனும் கொடுத்தனுப்புவது மேலைநாட்டிலிருந்து நேற்று வந்த பழக்கமன்று. நம் திருமணங்களில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்ட தாம்பூலப் பை உண்டு. பழைய உரோமையிலும் உண்டு. 'எடுத்துச் செல்பவை' என்னும் பொருள்படும் அப்போபொரேத்தா என்ற கிரேக்கச் சொல்லால் அதனை அழைத்தனர். மார்சியால் என்னும் இலத்தீன் கவிஞர் அப்பரிசுப் பொருள்களைப் பற்றியே ஒரு நூல் முழுதும் எழுதினார்; அதில் செல்வர் தரும் பரிசும் ஏழை தரும் பரிசும் மாறிமாறி வரும். நம் வாசலில் கண்ட நீலப் பையும் வெள்ளைப் பையும் ஈராயிரம் ஆண்டு பழமையானவையே போலும்!

ஆனால் அதே சொல்லை வேறு விதமாய்க் கையாண்டவர் மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார். பொலோஞ்ஞா நகரில் மறைச்சாட்சியர் வித்தாலிஸ், அக்ரிகோலா ஆகியோரின் திருப்பண்ட விழாவில் கலந்துகொண்ட பின் அவர் புளோரன்சுக்குச் சென்றார். பெருவிருந்துக்குப் போனவர்கள் பரிசு எடுத்து வருவது வழக்கம். நானும் ஒரு விருந்துக்குப் போனேன், அங்கிருந்து எடுத்து வந்ததை உங்களுக்குத் தருகிறேன் என்னும் கருத்தில் அங்கிருந்தோரிடம் பேசினார். அவர் எடுத்து வந்தவை மறைச்சாட்சியரின் திருப்பண்டங்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, யாருக்காக அவர் அதை எடுத்து வந்தார் என்பதே. விருந்துக்கு வராதவர்களுக்காக எடுத்து வந்தார்.

நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்திலும் இதனையே காண்கிறோம். திருச்சட்டம் வாசிக்கப்பட்ட நாளில் மக்கள் அழுகிறார்கள். அழவேண்டாம், போய்ச் சுவையானதை உண்டு பருகுங்கள், ஒன்றும் ஆயத்தம் செய்ய இயலாதவர்க்கும் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. நம் வீடுகளிலும் இது இருந்தது. காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்கு ஆகஸ்டு 15இல் போய்த் திரும்புகிறவர்கள் துணிப்பையில் பொரியும் மிட்டாயும் கொண்டுவந்து, வரமுடியாத கிழவிக்கும், மாட்டுக்குத் துணையாய் வீட்டிலிருந்த பிள்ளைக்கும் கைநிறைய அள்ளிக் கொடுத்ததை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பையின் வாய் வராதவரை நோக்கித் திறந்திருந்தது. இன்றைய பையோ பரிசு கொண்டுவந்தவரை நோக்கித் திறந்திருக்கிறது. அதற்குப் பெயரே 'ரிட்டர்ன் கிஃப்ட்', திருப்பிக் கொடுப்பது.

திருப்பிக் கொடுப்பதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திரும்பக் கொடுப்பது. அண்டை வீட்டில் ஒரு படி கம்பு வாங்கினால் அறுப்புக் காலத்தில் ஒரு படி கம்பு. வள்ளுவர் ஈகை அதிகாரத்தைத் தொடங்கும்போதே இச்சொல்லைக் கொண்டு கோடு கிழிக்கிறார்: இல்லாதவர்க்குக் கொடுப்பதொன்றே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையது. லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், விருந்தளிப்பவனிடம் நண்பரையும் செல்வரான அண்டை வீட்டாரையும் அழைக்காதே என்கிறார். அவர்கள் திரும்ப அழைத்துவிடுவார்கள், கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். திருப்பித்தர இயலாத ஏழையரை அழைப்பவனே பேறுபெற்றவன். இரு பெரும் ஆசான்களும் ஒரே இடத்தில் கோடு கிழிப்பதைக் காண்கிறோம்.

உடனே திருப்பிக் கொடுப்பதில் வேறொரு குறையும் உண்டு. புனித தாமசு அக்குவினா, நன்றியைப் பற்றி ஆராயுமிடத்தில், பெற்ற நன்மைக்கு உடனே கைம்மாறு செய்யவேண்டுமா என்று வினவுகிறார். செனக்கா என்னும் உரோமை ஞானியைத் துணைக்கழைத்து, திருப்பிக் கொடுக்க அவசரப்படுபவனிடம் இருப்பது நன்றியுள்ள மனமன்று, கடன்பட்டவன் மனமே என்கிறார். பரிசு கொண்டுவந்த பிள்ளை வாசலைத் தாண்டுமுன்னே அதற்குச் சமமானதைக் கையில் திணித்துவிடுகிறோம். "உனக்கும் நமக்கும் பாக்கியில்லை" என்று சொல்வதற்கு இது எவ்வளவு தூரம்?

இந்த இடத்தில் வாசகர் நம்மை மறித்துக் கேட்கலாம்: "அப்படியானால் மொய்யும் தவறா?" தவறென்று சொல்லமாட்டோம். வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்த ஆண்டில், ஒரு பெண்ணின் திருமணத்தை ஊர் சேர்ந்து தூக்கி நிறுத்திய ஏற்பாடு மொய். அதற்கு நோட்டுண்டு, கணக்குண்டு. ஆனால் கணக்கில் சேர எல்லாருக்கும் இடமுண்டு. ஐந்து ரூபாய் எழுதியவரும் ஐந்நூறு எழுதியவரும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே சோற்றை உண்டார்கள். தொகைக்குத் தக்கபடி இலை போடப்பட்டதாக நாம் கேட்டதில்லை. கொரிந்தில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் மிதமிஞ்சிக் குடித்ததைப் பவுலடியார் அவ்வளவு கடிந்துகொண்டது, பந்தி இரண்டாகப் பிளந்ததற்காகத்தான்.

பந்தியின் பெருமை நம் மண்ணுக்குத் தெரியாததன்று. முதலமைச்சர் காமராசர் 1956இல் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நமக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில்தான். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சோறு. பின்னர் ஒரே சீருடை. அப்பள்ளிகளில் பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை அன்று மட்டும் வண்ண உடையில் வந்து, டப்பா நிறைய மிட்டாய் வைத்துக்கொண்டு, வகுப்பில் ஒருவர் விடாமல் கொடுக்கும். ஆசிரியருக்கு வேண்டுமானால் இரண்டு. பிறந்தநாள் பிள்ளை கொடுக்கிறது. யாரிடமும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இதைவிட நற்செய்திக்கு நெருங்கிய பிறந்தநாளை எந்த இறையியலார் வகுத்துத் தரமுடியும்?

அந்தச் சிறுமியின் பையை எடுத்துக்கொண்டு நாம் அத்தம்பதியரின் வீட்டுக்குப் போனோம். முதலில் நம் தவற்றைச் சொன்னோம். கேட்டபோது நில்லாமல் போனவர் நாமே. அம்மா கலங்கிவிட்டார். கணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சாமி, நான் சின்ன வயதில் சட்டத்தில் குச்சி அடுக்கினவன். விடியுமுன் வண்டி வரும். தூக்கத்தோடு ஏறிப் போவோம். எனக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இருந்ததே தெரியாது. என் பிள்ளைக்குச் செய்து பார்க்கிறேன். அது பாவமா?"

இதற்கு நம்மிடம் உடனே விடை இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் பட்ட பாடு நாடறிந்தது. குழந்தை உழைப்புத் தடைச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்த வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த ஒவ்வொருவரும் அக்குழந்தையின் நலனுக்காக 20,000 ரூபாய் செலுத்தவேண்டுமென உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்தக் காலத்தில் குச்சி அடுக்கிய ஒரு சிறுவன் இன்று தந்தையாகி, தான் இழந்த பிள்ளைப்பருவத்தைத் தன் மகளின் கையில் நீலப் பையாகக் கொடுத்துப் பார்க்கிறார். அவரைக் கண்டிக்க நாம் யார்? "பாவமில்லை, தம்பி. ஆனால் அந்த வெள்ளைப் பை வாங்கின பிள்ளையின் தாய் இன்றும் அதே வேலைக்குத்தான் போகிறார்" என்று மட்டும் சொன்னோம். தீப்பெட்டி ஒன்றின் விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனதே 2021 டிசம்பரில்தான். அந்த விலைக்குள் எத்தனை கைகளின் கூலி அடங்கவேண்டும் என்பது அவருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"அப்படியென்றால் அடுத்த ஆண்டு விழாவே வேண்டாம், அந்தப் பணத்துக்கு அனாதை இல்லத்தில் ஒரு வேளைச் சோறு போட்டுவிடுகிறோம்" என்றார் அம்மா. நல்ல மனத்தோடு சொன்னார். ஆயினும் நாம் சம்மதிக்கவில்லை. பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது, இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குச் சொன்னவன் யார் என்பதை யோவான் நற்செய்தி மறைக்கவில்லை. கொண்டாட்டத்தைக் கொன்று செய்யும் தருமம் பிள்ளையின் மனத்தில் ஏழையின்மேல் கசப்பையே விதைக்கும். மேலும், அறியாத ஒருவரின் பிறந்தநாளுக்காக வரிசையில் நின்று கைதட்டிப் பாடவேண்டிய இல்லத்துப் பிள்ளைகளின் நிலையையும் எண்ணவேண்டும். அவர்கள் பாடலும் ஒருவகைத் 'திருப்பிக் கொடுப்பதே' ஆகிவிடுகிறது. தெருவில் பதினைந்து பிள்ளைகள் இருக்க, ஏழையைத் தேடித் தொலைதூரம் போவானேன்?

எல்லாருக்கும் நீலப் பையே கொடுத்துவிட்டால் போதாதா? அதையும் நாம் எண்ணிப் பார்த்தோம். அது முன்னதைவிட நல்லதுதான், ஆனால் முழுமையானதன்று. இருநூறு ரூபாய்ப் பையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் சிறுமி, "அம்மா, என் பிறந்தநாளுக்கும் இதுபோல் கொடுக்கணும்" என்பாள். அந்தத் தாய் என்ன செய்வார்? வாரத் தவணைக்காரரிடம் இன்னொரு கடன் வாங்குவார். அல்லது பிள்ளையை அடுத்த விழாவுக்கு அனுப்பமாட்டார். பெறுவதைவிடக் கொடுப்பதே பேறுடைமை என்று நம் ஆண்டவர் சொன்னதாகத் திருத்தூதர் பணிகள் நூல் குறித்துவைத்திருக்கிறது. அது மெய்யாயின், அந்தப் பேற்றை வசதியுள்ளவர் மட்டுமே வைத்துக்கொள்வது என்ன நியாயம்? ஏழைக்கு நாம் செய்யும் பெருங்கொடுமை, எப்பொழுதும் வாங்குகிறவராகவே அவரை நிறுத்திவைப்பது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் பெற்று வீடு வந்ததும் தம் மனைவியிடம் சொல்வது இதுதான்: யாருக்கு என்று பாராமல் எல்லாருக்கும் கொடு, என்னைக்கூடக் கேளாதே. முந்தினநாள் வரை பசித்திருந்த புலவர் அவர். கையில் வந்ததும் அவர் முதலில் விரும்பியது, தாமும் ஒருமுறை கொடுக்கிறவராய் இருப்பதையே.

ஆகவே நாம் அத்தம்பதியருக்கு ஓர் அளவுகோல் சொன்னோம்: "உங்கள் தெருவிலேயே எளிய தாய் யாரோ, அவர் கடன் வாங்காமல் தம் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொடுக்கக்கூடியது எவ்வளவோ, அவ்வளவே உங்கள் பையின் அளவு. எல்லாருக்கும் ஒன்றே. பரிசு கொண்டுவர வேண்டாம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்." உரிமையோடு இன்னொன்றும் சேர்த்தோம்: பையும் பண்டமும் நம் மண்ணுடையதாக இருக்கட்டும். ஒரு நாளில் உடைகிற பிளாஸ்டிக் பொம்மையின் முடிவை நாம் அறிவோம். கோடையில் கரிசல் நிலம் ஒரு சாண் அகலத்துக்கு வெடிக்கிறது. மேலே கிடக்கும் குப்பை வெடிப்புக்குள் விழுகிறது. மழை பெய்ததும் மண் உப்பி மூடிக்கொள்கிறது. கந்தல் மட்கும், பிளாஸ்டிக் மட்காது, உழும்போது கொழுமுனையில் வந்து மாட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை விதித்ததும், 2021இல் மஞ்சள் பையை மீண்டும் கையிலெடுக்கச் சொன்னதும், 2015இல் திருத்தந்தை பிரான்சிசு நம் பொது இல்லமாகிய பூமியைக் குறித்து மடல் எழுதியதும் இந்தக் கவலையால்தான்.

இந்த ஆண்டு ஆனியில் வாசலில் ஒரே மேசை இருந்தது. தையற்காரரிடம் மிஞ்சிய துணியில் அம்மாவே தைத்த சிறு பைகள். உள்ளே கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு, ஒரு பென்சில், கடம்பூர்ப் போளி ஒன்று. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயும், இரயில் பயணிகள் கேட்டு வாங்கும் போளியும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இளப்பமானவை என்று அதுவரை நினைத்திருந்தார்களாம். பையைப் பிறந்தநாள் பிள்ளையே ஒவ்வொருவர் கையிலும் பெயர் சொல்லிக் கொடுத்தாள். பள்ளித் தோழர் சிலர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, அதை மறைக்கமாட்டோம். ஒரு பெற்றோர், "இவ்வளவுதானா?" என்று கேட்டதும் நம் காதில் விழுந்தது. அளவைக் குறைத்தவர் அந்தச் சொல்லையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கணவர் வாங்கிக்கொண்டார்.

ஆடி கடைசியில் அந்தச் சிறுமி மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு கூடையோடு வந்தாள். அன்று அவளுக்குப் பிறந்தநாள். பழைய சேலையில் தைத்த பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கடலைமிட்டாய், ஒரு பென்சில். வகுப்பில் ஒருவர் விடாமல் கொடுத்தாள். சென்ற ஆண்டு நீலப் பை வாங்கியவர்களும் அவளிடம் கைநீட்டி வாங்கினார்கள். நமக்கும் ஒன்று கிடைத்தது.

இதுவும் குறியெதிர்ப்பைதானே என்று யாரேனும் கேட்கலாம். ஆம், குறியெதிர்ப்பைதான். வாங்கிய அளவைக் குறித்து வைத்து, அந்த அளவிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஈகையைவிட இது தாழ்ந்தது என்றே நாம் இத்தனை நாள் படித்துவந்தோம், அதில் ஐயமில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்க முடியாதவள் என்று தனி மேசையில் நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளை, எல்லாரோடும் ஒத்த அளவில் கொடுத்து நிற்கக் காண்பதும் இறையாட்சியின் பந்திதான் என்று இப்பொழுது எண்ணுகிறோம். கொடுத்து முடித்ததும் அவள் கூடையைக் கவிழ்த்துக் காட்டி, "காலி, சாமி" என்றாள்.